எழுவாய் இல்லாத செய்திகள்



பேப்பரில் வருகிற ஆயிரம் செய்திகளில் இரண்டு வகைக்குத்தான் எங்கள் பழவேற்காடு கடைத்தெரு வாய் திறக்கிறது. யாரோ யாருக்கோ நல்லது செய்தார் என்பது ஒன்று. யாரோ யாருக்கோ அநியாயம் செய்தார் என்பது இன்னொன்று. மற்றதெல்லாம் படித்து மடித்து டீ கிளாசுக்கு அடியில் போய்விடும். இப்போது பேப்பரோடு கைப்போனும் சேர்ந்துகொண்டதால் வாய்க்கு வேலை கொஞ்சம் கூடியிருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம்.

நல்லது நடந்த செய்திக்கு வருகிற வார்த்தை: "பாத்தியா, இன்னும் மனுசன் இருக்கான்யா." அநியாயம் நடந்த செய்திக்கு வருகிற வார்த்தை: "அங்க உள்ளபடி என்ன நடந்துச்சோ, நமக்கென்ன தெரியும்?"

முதல் செய்தியை யாரும் விசாரிப்பதில்லை. உண்மையா, போட்டோவுக்குச் செய்ததா, மறுநாள் என்ன ஆச்சு, எதுவும் கேட்பதில்லை. கண்ணில் தண்ணி கட்டுகிறது, அடுத்தவனுக்கு அனுப்பியாகிறது. இரண்டாவது செய்திக்குத்தான் அத்தனை விசாரணையும். அந்தப் பையன் ஏன் அந்தத் தெருப்பக்கம் போனான்? என்ன பேசினானோ? முன்பகை இருந்திருக்கும். காசு விவகாரமாயிருக்கும். காதல் விவகாரமாயிருக்கும். ஊரில் ஒருத்தரும் வக்கீலுக்குப் படிக்கவில்லை. ஆனால் சேரியில் அடி விழுந்த செய்தி வந்ததும் அத்தனை பேரும் எதிர்த்தரப்பு வக்கீலாகி விடுகிறார்கள்.

இந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றித்தான் இந்த இதழில் பேச நினைக்கிறேன். கொலையும் கொளுத்தலும் நடக்கிற நாட்டில் டீக்கடைப் பேச்சுக்கா தலையங்கம் என்று தோழர்கள் கேட்கலாம். கொலைக்கும் கொளுத்தலுக்கும் பிறகு ஊர் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறது என்பதற்கான பதில் டீக்கடைப் பேச்சில்தான் இருக்கிறது.

*

நான் வங்கிக் குமாஸ்தா. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் யாராவது ஒருத்தர் பேரில் பற்று எழுதியே ஆகவேண்டும். பற்று இல்லாத வரவு கிடையாது. ஒரு ரூபாய் இடித்தாலும் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இந்தப் பழக்கத்தோடு செய்தி படிக்கிறவனுக்கு ஒன்று உறுத்தும். நம் பத்திரிகைகளின் பேரேட்டில் கருணைக்கு வரவு எழுதும்போது பேரும் ஊரும் பதவியும் போட்டோவும் இருக்கிறது. அநியாயத்துக்குப் பற்று எழுதும்போது பேர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் சொன்னால், கருணைச் செய்திக்கு எழுவாய் உண்டு. அநியாயச் செய்திக்குக் கிடையாது.

கவனித்துப் பாருங்கள். "ஆட்சியர் வழங்கினார்." "அமைச்சர் ஆறுதல் கூறினார்." "தொழிலதிபர் உதவினார்." எல்லாம் கணீரென்ற செய்வினை. அந்தப் பக்கம் வாருங்கள். "தாக்கப்பட்டார்." "அனுமதி மறுக்கப்பட்டது." "சிலை சேதப்படுத்தப்பட்டது." "குடிசைகள் தீக்கிரையாயின." குடிசை தானாகப் பற்றிக்கொண்டது மாதிரி. செயப்பாட்டு வினையில் எழுதி முடித்துக் கொஞ்சம் இடம் மிஞ்சினால் "மர்ம நபர்கள்" வருவார்கள். மர்ம நபர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். செத்தவன், அடிபட்டவன் மட்டும் நம்மாளாக இருந்தால் "இரு தரப்பினரிடையே மோதல்" என்று தலைப்பு வரும். ஒருத்தன் வெட்டினான், ஒருத்தன் வெட்டுப்பட்டான். அதற்கு இரு தரப்பு மோதல் என்று பேர்.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் அடிக்கடி வருகிற செய்தி ஒன்று இருக்கிறது. செங்கல் சூளையில், அரிசி ஆலையில், மரம் வெட்டும் இடத்தில் கொத்தடிமையாகக் கிடந்த இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டார்கள் என்கிற செய்தி. படிக்கிறவன் நெஞ்சு நெகிழ்கிறான். மீட்டவர் பேர் இருக்கிறது, வழங்கப்பட்ட வேட்டி சேலைக் கணக்கு இருக்கிறது. பூட்டி வைத்திருந்தவன்? "ஒரு செங்கல் சூளையில்" என்று இடமாகி விடுகிறான். ஆள் போய் இடம் ஆகிவிட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. சட்டப்படி இது கருணைச் செய்தியே இல்லை, குற்றச் செய்தி. கொள்ளைக்காரன் பிடிபட்ட செய்தியில் கொள்ளைக்காரன் பேர் இல்லாமல் போலீஸ்காரர் பேர் மட்டும் வருமா?

இது வெறும் இலக்கணப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 2016ல் வந்த மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் மீட்கப்பட்ட ஆண் ஒருத்தருக்கு 1 லட்சம் ரூபாய், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம் என்று இருக்கிறது. கையில் உடனே கிடைப்பது அதில் ஒரு சின்னப் பகுதி. மீதியை வழக்கின் முடிவோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். எழுவாய் கோர்ட்டில் நிற்கவில்லை என்றால் மீதிப் பணம் கணக்கில் ஏறாது. அந்த மாதிரிக் கணக்குப் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் வரவு ஒன்று. அதற்குப் பிறகு வெள்ளைப் பக்கம்.

*

இரண்டு வகைச் செய்தியும் ஒன்றாகக் கலந்து வந்த சம்பவங்களை எடுத்துக்கொள்வோம். அங்கேதான் ஊரின் மனசு சரியாகத் தெரியும்.

2023 செப்டம்பர். கரூர் மாவட்டம் வேலன்செட்டியூர் அரசுத் தொடக்கப்பள்ளி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிறவர் அருந்ததியர் பெண் என்பதால் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போனார், அந்தம்மா சமைத்ததைச் சாப்பிட்டார், வன்கொடுமைச் சட்டம் பாயும் என்று எச்சரித்தார். அதே மாதம் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியிலும் இதே கதை. அங்கே நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அவர்கள் போனது சரிதான். போகாமல் இருந்திருந்தால் நாமே திட்டியிருப்போம். நான் கேட்பது வேறு. அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது என்னவாக வந்தது? "கலெக்டரே சாப்பிட்டாரு பாத்தியா!" அந்த "ரே"யில் இருக்கிறது எல்லாம். சாப்பிட்டது செய்தி ஆகிவிட்டது. சாப்பிடாதவன் காணாமல் போய்விட்டான். ஒரு பெண் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிடுவது வீரச் செயலாக, தியாகமாகக் கொண்டாடப்படுகிற நாட்டில், அந்தச் சாப்பாட்டுக்கு என்ன மதிப்பு என்பதைக் கொண்டாடுகிறவர்களே சொல்லிவிட்டார்கள். நெருப்பை மிதித்தவனுக்குத்தான் கைதட்டுவார்கள். இங்கே நெருப்பு என்பது அந்தம்மா கை.

இன்னொன்று. 2021 அக்டோபரில் மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தன்னைத் துரத்திவிட்டதாக ஒரு நரிக்குறவர் பெண் பேசிய காட்சி ஊர் முழுக்கப் பரவியது. அமைச்சர் போய் அவரோடு உட்கார்ந்து அதே கோயிலில் சாப்பிட்டார். நவம்பர் மாதம் தீபாவளியன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்குப் போய் பட்டாவும் சான்றிதழும் கொடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்துக் கண்கலங்காத ஆளை அப்போது நான் பார்க்கவில்லை. வங்கிக்கு நகைக் கடன் புதுப்பிக்க வந்தவர்கள்கூட அதைத்தான் பேசிக்கொண்டு நின்றார்கள். பந்தியிலிருந்து எழுப்பியது யார் என்று ஒருத்தர் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இதே நரிக்குறவர் சமூகம் பல பத்தாண்டுகள் போராடிக் கேட்டது பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி. நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றி, 2023 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு தலைமுறையின் படிப்பையும் வேலையையும் மாற்றக்கூடிய விஷயம். அன்றைக்கு யாருக்காவது கண் கலங்கியதா? யாராவது யாருக்காவது அனுப்பினார்களா? "இன்னும் மனுசன் இருக்கான்யா" என்று யாராவது சொன்னார்களா? இல்லை. அதற்கு வந்த வார்த்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: "அவங்களும் கோட்டாவுக்கு வந்துட்டாங்களா?"

பந்தியில் சோறு போட்டால் கண்ணீர். பட்டியலில் இடம் போட்டால் எரிச்சல். இதுதான் நம் சமூகம் கருணைக்குப் போட்டிருக்கிற எல்லைக்கோடு. கொடுக்கிற கை மேலே இருக்கிறவரைக்கும் எல்லோரும் நல்லவர்கள். வாங்குகிறவன் தன் பங்கு என்று சொல்லி எடுத்துக்கொண்ட நிமிஷம் "அங்க உள்ளபடி என்ன நடந்துச்சோ" ஆரம்பமாகிவிடும்.

*

வேங்கைவயலுக்கு வருவோம். வராமல் முடியாது.

2022 டிசம்பர் கடைசி வாரம். புதுக்கோட்டை மாவட்டம் இறையூர் பக்கத்து வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம். பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். பத்திரிகை என்ன எழுதியது? "மனிதக் கழிவு கலக்கப்பட்டது." எழுவாய் இல்லை. ஆட்சியர் வந்தார். விசாரணையில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பது தெரிந்தது, கோயிலுக்குள் விடாதது தெரிந்தது. ஆட்சியர் மக்களை அய்யனார் கோயிலுக்குள் அழைத்துப் போனார். அது படமாக வந்தது, பாராட்டாக ஓடியது. அதற்கு எழுவாய் இருந்தது. தொட்டிக்கு மட்டும் இல்லை.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் சொல்வது 60 நாளுக்குள் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை போடவேண்டும் என்று. வேங்கைவயலுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. 2023 ஜனவரியில் சிபிசிஐடி கைக்குப் போனது. மக்களிடம் ரத்த மாதிரி எடுத்தார்கள், மரபணுச் சோதனை என்றார்கள். இந்த இரண்டு வருஷமும் எங்கள் கடைத்தெருவில் நான் கேட்ட வார்த்தை ஒன்றுதான்: "கேஸ் நடக்குதுல்ல, முடியட்டும். அவசரப்பட்டு யாரையும் சொல்லக்கூடாது." எவ்வளவு நிதானம்! எவ்வளவு நியாய உணர்ச்சி!

2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேரும் அதே ஊர் தலித்துகள். தண்ணீர் குடித்த பக்கத்து ஆட்கள். விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்டுகளும் எதிர்த்தார்கள், சிபிஐ விசாரணை கேட்டார்கள். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம்தான் சொல்லவேண்டும், நானோ நீங்களோ சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் கடைத்தெருவில் நடந்ததை நான் சொல்ல முடியும். இரண்டு வருஷம் காத்திருந்த நிதானம் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல!" "அவனுங்களே பண்ணிட்டு அடுத்தவன் மேல பழி." கேஸ் முடியட்டும் என்று சொன்ன அதே வாய். கோர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குற்றப்பத்திரிகையே தீர்ப்பாகிவிட்டது.

எழுவாய் இல்லாமல் இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்த ஊருக்கு, எழுவாய் சேரியிலிருந்து கிடைத்ததும் நிம்மதி இரட்டிப்பாகிவிட்டது. அந்த ஊர் இரட்டைக் குவளை? பூட்டிய கோயில்? அதற்கும் இந்த மூன்று பேர்தான் காரணமா என்று கேட்டேன். பதில் வரவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

*

இதுவரைக்கும் படித்துவிட்டுத் தலையாட்டுகிற என் மீனவத் தோழர்களிடம் இப்போது பேசவேண்டியிருக்கிறது. கரூரும் புதுக்கோட்டையும் எங்களுக்குத் தூரம். தூரத்து அநியாயத்துக்கு வருத்தப்படுவது சுலபம். கிட்டத்தில் ஏரி இருக்கிறது.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது குப்பத்து மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுபோய் ஜனங்களைக் காப்பாற்றினார்கள். கடல் வீரர்கள், தெய்வங்கள் என்று நகரமே கொண்டாடியது. 2017 ஜனவரி 23ஆம் தேதி மெரினாவிலிருந்து போலீஸ் துரத்திய மாணவர்களுக்கு நடுக்குப்பம் அடைக்கலம் கொடுத்தது. அந்தக் கருணைக்குக் கிடைத்த விலை அவர்கள் மீன்சந்தை எரிந்தது. எரித்தது போலீஸ்தான் என்று அந்த மக்கள் சொன்னார்கள். பத்திரிகையில் சந்தை "தீக்கிரையானது". பார்த்தீர்களா, அதே இலக்கணம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கினால் கரை அரித்துப்போகும், முகத்துவாரம் கெடும் என்று பழவேற்காட்டுக் குப்பங்கள் எதிர்த்து நின்றபோது, கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தேதி குறித்துத் தள்ளிப்போனபோது, அந்தக் கடல் வீரர்களுக்குக் கிடைத்த பேர் வளர்ச்சிக்கு எதிரிகள். படகைக் கொடுத்தால் தெய்வம், கடலைக் கேட்டால் எதிரி. இந்த அநியாயத்தை உங்களைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

அதனால்தான் உங்களிடம் பாட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன். பாடு என்பது எங்கள் ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடுகிற இடங்களை முறைவைத்துச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிற பழைய ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் தலைக்கட்டுகளுக்கு அதில் பங்கு. இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு வேறு இடம். பணக்காரன் ஏரியை வளைத்துப்போட முடியாது. ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள் எல்லாம் மெச்சி எழுதியிருக்கிறார்கள். மெச்சவேண்டியதுதான். ஒரு சாதிக்குள் இவ்வளவு சமத்துவத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஆனால் சாதிக்குள். இதே ஏரிக்கரையில் குடியிருக்கிற தலித்துக்கு அந்தச் சீட்டில் பேர் இல்லை. 1980களில் இறால் ஏற்றுமதி விலை ஏறி மற்றவர்களும் வலையோடு ஏரிக்கு வந்தபோது தகராறு வந்தது, பேச்சுவார்த்தை வந்தது. சீட்டு மட்டும் மாறவில்லை. இருளர் பெண்கள் சேற்றில் உட்கார்ந்து, கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்த பறியில் போடுகிறார்கள். அவர்களுக்கு எந்தச் சீட்டும் இல்லை. அவர்கள் கையே அவர்களுக்கு வலை.

வேங்கைவயலுக்காக என்னோடு ஊர்வலம் வந்த ஒரு மீனவ நண்பரிடம் இதைக் கேட்டேன். நல்ல மனுசர். "அது வேற, இது வேற தம்பி. இது எங்க தொழில் முறை. நாங்க யாரையும் தொடாதேன்னு சொல்லலியே? கரைக்கு வந்து நின்னா கொழம்புக்கு ரெண்டு மீன் போட்டுத்தான அனுப்புறோம்? வெறுங்கையா யாராச்சும் போயிருக்காங்களா?"

உண்மைதான். வெறுங்கையோடு யாரும் போகவில்லை. குழம்புக்கு மீன் என்றைக்கும் கிடைத்திருக்கிறது. அது கருணை, நான் மறுக்கவில்லை. ஆனால் குழம்புக்கு மீன் வாங்க நிற்கிறவனும் அதே ஏரியில் மீன் பிடிக்கத் தெரிந்தவன்தான். அவனைக் கரையில் நிறுத்திவைத்தது எது என்ற கேள்வியை அந்த இரண்டு மீன் வாயடைத்துவிடுகிறது. கரூரில் கலெக்டர் சாப்பிட்ட சாப்பாடு செய்த வேலையை எங்கள் கரையில் இந்த இரண்டு மீன் செய்கிறது.

எங்கள் வங்கிப் படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. முப்பது வருஷமாக ஏரியில் நண்டும் இறாலும் பிடிக்கிற நம் தெருக்காரர் ஒருவர் அதில் "கூலி" என்று எழுதினார். மீன்பிடி என்று எழுதுங்களேன் அண்ணே என்றேன். "அது அவங்க எழுதறது சார்" என்றார். தமிழ்நாட்டு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மீனவர் என்பது ஒரு சாதியின் பெயராகவே இருக்கிறது, பட்டினவரும் செம்படவரும் அதற்குள் வருகிறார்கள். தொழிலின் பெயரே சாதிக்குச் சொந்தமான பிறகு, தண்ணீரில் நாள் முழுக்க நின்றாலும் நம்மாள் கூலிதான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் இதன் விளைவைப் பார்த்தோம். உலகமே அள்ளிக் கொடுத்தது. வேண்டாத பழந்துணி ரோட்டோரம் மலையாகக் கிடந்தது. ஆனால் படகும் வலையும் இழந்தவன்தான் பாதிக்கப்பட்டவன் என்று கணக்கெடுத்தபோது, கரையில் கூலி வேலை செய்து வயிறு வளர்த்த தலித்துகள் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். முகாம்களில் தலித்துகளை ஒதுக்கிய செய்திகளும் வந்தன. பிணங்களை அள்ள மட்டும் தூரத்து ஊர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை வண்டி வைத்துக் கூட்டிவந்தார்கள். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லத் தேவையில்லை.

துறைமுகத்தை எதிர்க்கிற நேரத்தில் பாட்டைப் பேசினால் ஒற்றுமை கெடாதா என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். துறைமுகம் ஏரியை அழித்தால் பாடும் போகும், பறியும் போகும் என்பது எனக்கும் தெரியும். ஏரியைக் காப்பாற்ற நாங்களும் வருகிறோம். யாருடைய ஏரியைக் காப்பாற்ற வருகிறோம் என்று தெரிந்துகொண்டு வர ஆசைப்படுகிறோம், அவ்வளவுதான். சீட்டில் பேர் இல்லாதவனை ஊர்வலத்தில் மட்டும் முன்னால் நிறுத்துவது ஒற்றுமை இல்லை, அதுவும் கூலி வேலைதான்.

*

நம் பக்கத்திலும் ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறது. நல்ல செய்தி எதுவந்தாலும் "எல்லாம் நாடகம்யா" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது. பூஞ்சேரியில் கொடுத்த பட்டா நாடகம் இல்லை, நிலம். வேங்கைவயல் மக்கள் கோயிலுக்குள் கால் வைத்தது நாடகம் இல்லை. நாடகம் என்று சொல்லிவிட்டுப் போகிறவனும் "என்ன நடந்துச்சோ" என்று சொல்லிவிட்டுப் போகிறவனும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். இரண்டு பேருக்கும் அடுத்த நாள் வேலை இல்லை. கருணையை நாம் திட்டவேண்டியதில்லை. அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவேண்டும். ஒவ்வொரு கருணையும் தனக்கு முன்னால் நடந்த ஒரு அநியாயத்துக்குச் சாட்சி. அந்தச் சாட்சியைப் பேசவைப்பதுதான் நம் வேலை.

அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகாத் ஊர்ச் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். அந்தக் குளத்தைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட்டதாக நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் காகிதத்தில், குளம் சாதிக்காரன் கையில். யாராவது மனசு இரங்கி ஒரு செம்பு மொண்டு ஊற்றியிருந்தால் அது கருணைச் செய்தி. ஆயிரக்கணக்கானோர் இறங்கித் தாங்களே மொண்டு குடித்ததால் அது வரலாறு. அன்றைக்கு அடி விழுந்தது. வழக்கு பத்து வருஷம் இழுத்து 1937ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தது. குடித்தவர்கள்தான் அந்த வாக்கியத்தின் எழுவாய்.

நம் தமிழிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1893ல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு வைத்த பேர் "பறையன்". யாரைப் பற்றி மற்றவர்கள் இழிவாக எழுதினார்களோ அந்தப் பேரையே எழுவாயாக வைத்து அவர் எழுதத் தொடங்கினார். நம் சிறுபத்திரிகைகளுக்கு வேறு கொள்கை விளக்கம் தேவையில்லை. அந்த ஒரு பேர் போதும்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. ஒரு நோட்டு வாங்குங்கள். நாலு பத்தி கோடு போடுங்கள். உங்கள் மாவட்டத்தில் வருகிற கருணைச் செய்தி, அநியாயச் செய்தி இரண்டையும் வெட்டி ஒட்டுங்கள். முதல் பத்தியில் எழுவாய் யார், அல்லது யாரை மறைத்தார்கள். இரண்டாவது பத்தியில் அந்தக் கருணை எந்த அநியாயத்துக்குப் பிறகு வந்தது. மூன்றாவதில் முதல் தகவல் அறிக்கை எந்தத் தேதி, 60 நாள் எந்தத் தேதியில் முடிகிறது. நாலாவதில் டீக்கடையில், விடுதியில், பஸ்ஸில் அதைப் பற்றி நீங்கள் கேட்ட வார்த்தை, கேட்டபடியே, திருத்தாமல். 61வது நாள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். மாவட்ட விழிப்புணர்வுக் கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். கணக்கு எழுதுகிறவனாகச் சொல்கிறேன், காலியாக விட்ட கட்டத்தைப் பார்த்து ஒருத்தன் கேள்வி கேட்கிறான் என்று தெரிந்தாலே அடுத்த தடவை அந்தக் கட்டத்தில் பேர் விழும்.

பழவேற்காட்டில் எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதப்போவது இது: ஏரிக்கரையில் குடியிருந்து ஏரியில் தொழில் செய்கிற தலித்தும் இருளரும் மீன்பிடித் தொழிலாளர் என்று பதிவாக வேண்டும். பாடு பிரிக்கிற பேச்சில் அவர்களுக்கும் உட்கார இடம் வேண்டும். சீட்டுக் குலுக்கும்போது அவர்கள் பேரும் அதில் இருக்கவேண்டும்.

குழம்புக்கு மீன் நாங்களே பிடித்துக்கொள்வோம்.

நோட்டுகளிலிருந்து எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ் உங்கள் பக்கங்களோடு வரும்.